சீர்த்தட்டு சாயாத கார்

ஜனவரி 19, ஞாயிறு

நேற்று டாக்டர் இரத்த அழுத்தம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கோபத்த வெளியேயும் காட்டாதீங்க, உள்ளேயும் வெச்சுக்காதீங்க. எழுதிடுங்க சார்." வங்கியில் இனாமாகக் கொடுத்த டைரி ஒன்று கிடந்தது. என் கோபங்களுக்கு இது போதாது. இருந்தாலும் தொடங்குகிறேன்.

முதலில் சற்குணம். எங்கள் கல்லூரியில் பொருளியல் துறைத் தலைவர். நானும் அவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். பதிவேட்டில் கையெழுத்துப் போட அவரிடம் பேனா இல்லை. என் பேனாவைக் கொடுத்தேன். அவர் முதலில் போட்டார், நான் அடுத்துப் போட்டேன். அந்த ஒரு வரி மேலே இருப்பதால் அவர் சீனியர், துறைத் தலைவர். நான் தெய்வேந்திரன், இணைப் பேராசிரியர். பேனாவும் திரும்பி வரவில்லை.

அடுத்து பேப்பர் போடுபவர். எல்லார் வீட்டுக்கும் வாசலில் வைக்கிறார். எனக்கு மட்டும் செம்பருத்திச் செடிக்குள்.

மூன்றாவது சோலைராஜ். இவனைப் பற்றி எழுதினால் அழுத்தம் ஏறும். இன்று வேண்டாம்.

கார் வாங்குவதென்று முடிவு செய்திருக்கிறேன். பழைய கார்தான். காரணம் முழங்கால் வலி. வேறு காரணம் எதுவும் இல்லை.

ஜனவரி 20, திங்கள்

தங்கை மங்கையர்க்கரசி பெரியகுளத்திலிருந்து வந்து பத்திரிகை வைத்தாள். அவள் மகள் யாழினிக்குப் பிப்ரவரி பதினாறாம் தேதி கல்யாணம். வெற்றிலை பாக்கு, பழம், எனக்கு வேட்டி, தனபாக்கியத்துக்குச் சேலை எல்லாம் முறைப்படி வைத்தாள். "அண்ணே, மணமேடைக்கு அவ கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறது தாய்மாமன்தான். வேற யாரையும் நான் கேக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு அழுதாள். பிறகு இரண்டு தோசை சாப்பிட்டாள்.

அவள் கணவன் மேலே வரவில்லை. தெருவில் பைக்கோடு நின்றான். நான் ஜன்னல் பக்கமே போகவில்லை. நீலச் சட்டை போட்டிருந்தான், தலை நன்றாக நரைத்துவிட்டது.

நான் போகப்போவதில்லை.

ஜனவரி 22, புதன்

சரி, எழுதிவிடுகிறேன்.

சோலைராஜ் என் தங்கையின் கணவன். மோதிய வண்டி, முங்கிய வண்டிகளைப் பார்த்து இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்குச் சேதம் எவ்வளவென்று சொல்லும் சர்வேயர். பத்து வருடத்துக்கு முன் யாழினிக்குச் சடங்கு வைத்தார்கள். எங்கள் பக்கத்தில் தாய்மாமன் சீர் கொண்டுவந்தால் தெருமுனைக்கே மேளத்தோடு வந்து, மாலை போட்டு, வீட்டுக்கு அழைத்துப் போக வேண்டும். மாப்பிள்ளை அழைப்புக்கு எவ்வளவு மரியாதையோ அவ்வளவு இதற்கும் உண்டு.

நானும் தனபாக்கியமும் திண்டுக்கல்லிலிருந்து பஸ்ஸில் போனோம். மடியில் தட்டுகள். தெருவுக்குள் நுழையும்போதே மேளம் கேட்டது. நமக்குத்தான் என்று துண்டைச் சரிசெய்துகொண்டேன். போய்ப் பார்த்தால், அவர்கள் ஒரு வெள்ளைக் காருக்குக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். கதவைத் திறந்து, குனிந்து, மாலை போட்டு இறக்கினார்கள். இறங்கியவர் சமையல்காரர். பின்னாலேயே அவருடைய கரண்டிகள் இறங்கின.

மேளக்காரர்களுக்கு வந்த ஆளைத் தெரியாது. கார் வந்தது, கொட்டினார்கள். அதை நான் மன்னித்துவிட்டேன். ஆனால் சோலைராஜ் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "மச்சான், நீங்க பஸ்ஸுல வருவீகன்னு எவனுக்குத் தெரியும்? பேராசிரியரு கார்லதான் வருவாருன்னு நெனச்சுட்டானுக!" என்றான். பந்தியே சிரித்தது. மாலை தீர்ந்துபோயிருந்தது. சமையல்காரர் தன் கழுத்திலிருந்ததைக் கழற்றி என்னிடம் நீட்டினார்.

இனி சொந்தக் காரில் அல்லாமல் அந்தத் தெருவில் கால் வைப்பதில்லை என்று அன்றைக்கே சொல்லிவிட்டு வந்தேன். பத்து வருடமாக வைக்கவில்லை. அவனோடு ஒரு வார்த்தையும் பேசவில்லை.

எழுதிய பிறகு அழுத்தம் குறைந்ததாகத் தெரியவில்லை.

ஜனவரி 25, சனி

வத்தலக்குண்டு சாலையில் "ஆரோக்கியம் கார்ஸ்" என்று ஒரு கடை. கடை என்றால் தகரக் கொட்டகை, வேப்பமரம், மாதா படம், நாலு பிளாஸ்டிக் நாற்காலி, ஏழெட்டுக் கார்கள். உரிமையாளர் சவரிமுத்து வாயெல்லாம் பல்லாக எழுந்து வந்தார்.

"வாங்க சார், வாங்க. இந்த வெள்ளையப் பாருங்க. ஒரே ஓனர். லேடி டாக்டர். கிளினிக்குக்கும் வீட்டுக்கும் தவிர எங்கயும் போனதில்ல."

தமிழ்நாட்டில் விற்பனைக்கு வரும் எல்லாப் பழைய காரையும் ஏதாவதொரு லேடி டாக்டர்தான் ஓட்டியிருக்கிறார். இவ்வளவு லேடி டாக்டர்கள் இருந்தும் ஆஸ்பத்திரியில் கூட்டம் குறையவில்லை.

பழைய கார்ச் சந்தையைப் பற்றி இருபது வருடமாக வகுப்பெடுக்கிறேன். விற்பவனுக்குப் பண்டத்தின் குறை தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது, அதனால் அந்தச் சந்தையில் நம்பிக்கை இருக்காது என்பது பாடம். இன்றுதான் முதல் முறையாக ஒரு பழைய காரின் கதவைத் திறந்தேன். உள்ளே மல்லிகைப்பூ வாசனை.

பையில் கொண்டுபோயிருந்த சீர்த்தட்டுகளை எடுத்து டிக்கியில் பரப்பிப் பார்த்தேன். பதினொன்றும் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல், சாயாமல் உட்கார்ந்தன. சவரிமுத்து என்னையும் தட்டுகளையும் மாறிமாறிப் பார்த்தார்.

"கேட்டரிங் பண்றீகளா சார்?"

"இல்லை. முழங்கால் வலி."

அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. "ஒங்களுக்குத் தெரிஞ்ச ஆளக் கூட்டியாந்து காட்டுங்க சார். எத்தன பேரு வேணாலும் பாக்கட்டும். நம்மகிட்ட ஒளிவுமறைவே கெடையாது" என்றார்.

கார் பிடித்திருக்கிறது. வெள்ளை நிறம் என்பதற்காக இல்லை.

ஜனவரி 28, செவ்வாய்

காரைப் பார்த்துச் சொல்ல ஆள் தேடுகிறேன் என்றேன். தனபாக்கியம் வெங்காயம் நறுக்கிக்கொண்டே, "நான் ஒருத்தர்ட்டச் சொல்லிவச்சுருக்கேன். அடிபட்ட வண்டியெல்லாம் பாக்குறவராம். ஞாயித்துக்கெழம வர்றாராம்" என்றாள். யாரென்று நான் கேட்கவில்லை. இந்தத் தொழிலில் எத்தனையோ பேர் இருப்பார்கள்.

பேப்பர் இன்றும் செம்பருத்திக்குள்.

பிப்ரவரி 2, ஞாயிறு

புதுச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். மற்றதெல்லாம் துவைக்கப் போயிருந்தது.

வெள்ளைக் காருக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. அந்தக் கால்களை எனக்குத் தெரியும். என் தங்கை கல்யாணத்தில் அவற்றுக்குப் பாலூற்றிக் கழுவியவன் நான். சோலைராஜ் முதுகில் ஒட்டிய மண்ணோடு வெளியே வந்தான். என்னைப் பார்த்தான். அங்கிருந்த சவரிமுத்துவைப் பார்த்துப் பேசினான்.

"அண்ணே, சார் வந்துட்டாகளா?"

"இந்தா எதுத்தாப்புலதான நிக்கிறாரு" என்றார் சவரிமுத்து.

தனபாக்கியத்துக்கு வீட்டில் போய்ச் சேதி இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். திரும்பிப் போயிருக்கலாம். ஆனால் ஆட்டோவை அனுப்பிவிட்டேன். நானும் சவரிமுத்துவிடமே பேசினேன்.

"இந்த வண்டி எங்கயாவது மோதியிருக்கான்னு அவரைக் கேளுங்க."

"மோதியிருக்கான்னு கேக்குறாருங்க."

"காதுல விழுந்துச்சுண்ணே. மோதல. மோதியிருந்தா கதவு ஓரத்துல பெயிண்ட் தடிப்பாத் தட்டுப்படும். சார்ட்டச் சொல்லுங்க."

"மோதலயாம் சார்."

"எனக்கும் காது இருக்கு."

"அப்ப நான் எதுக்கு சாமி நடுவுல?" என்று சவரிமுத்து மாதா படத்தைப் பார்த்தார்.

சோலைராஜ் ஓட்ட, நான் பின்னால் உட்கார, சவரிமுத்து முன்னால் உட்கார்ந்து தூது சொல்ல, செம்பட்டி வழியில் கொஞ்ச தூரம் போய்வந்தோம். வண்டி வெண்ணெய் மாதிரி ஓடியது. அவன் பிரேக்கை மிதித்துப் பார்த்தான். ஸ்டியரிங்கை விட்டுப் பார்த்தான். என்னைக் கண்ணாடியில் பார்த்தான். நானும் தற்செயலாக அந்தப் பக்கம் பார்க்க நேர்ந்தது.

"வண்டி நல்லாத்தான் ஓடுது. டிக்கி பத்துமான்னு சார் பாத்துட்டாகளாண்ணே? தட்டு கிட்டு வைக்கணும்னா?"

"அதெல்லாம் அன்னைக்கே வச்சுப் பாத்துட்டாரு. பதினொண்ணு" என்றார் சவரிமுத்து.

கண்ணாடியில் அவன் முகம் முழுக்கச் சிரிப்பு. கடையில் பேசுவதற்கு ஒரு வரைமுறை வேண்டும் என்று சவரிமுத்துவுக்குத் தெரியவில்லை.

திரும்பி வரும்போது அவன் ஏசியை நிறுத்தினான். கண்ணாடிகளை ஏற்றினான். திரும்ப ஏசியைப் போட்டான். மூக்கைச் சுருக்கினான்.

"என்ன வாடைண்ணே இது?"

"மல்லியப்பூ சென்ட்டு. புதுசா மாட்டுனேன்."

"மல்லியப்பூவுக்கு அடியில கம்மாத் தண்ணி வாடை வருதே."

கொட்டகைக்கு வந்ததும், "பின்னாடி சீட்டு பெல்ட்டக் கடைசிமுட்டும் இழுக்கச் சொல்லுங்க சாரை" என்றான். இழுத்தேன். வந்துகொண்டே இருந்தது. பாதிக்குமேல், எப்போதும் சுருளுக்குள்ளேயே இருக்கும் பகுதியில், குறுக்கே பழுப்பாக ஒரு கறைக்கோடு. அதற்குப் பிறகு பெல்ட் முழுக்க நிறம் மாறியிருந்தது. என் விரலில் சன்னமான மண் ஒட்டியது.

சோலைராஜ் கிட்டே வந்து கறையைப் பார்த்தான். மற்ற பெல்ட்டுகளையும் இழுத்தான். கீழ்விரிப்பைத் தூக்கி சீட்டின் காலைத் தடவினான். பிறகு வேப்பமரத்தடியில் போய்க் குத்தவைத்து, யாருக்கோ போன் செய்தான். அந்தப் பக்கத்திலிருந்து கேட்ட குரல் என் தங்கையுடையது. அவள் போனில் பேசினால் தேனி வரைக்கும் கேட்கும். ஆனாலும் இன்றைக்கு என்ன சொன்னாள் என்று பிடிபடவில்லை. "எங்கண்ணன்... எங்கண்ணன்..." என்பது மட்டும் விட்டுவிட்டு வந்தது. அவன் "அது சரி புள்ள... அதுக்காக?" என்றான். போனை வைத்த பிறகும் எழுந்திருக்கவில்லை. குச்சியால் தரையைக் கீறிக்கொண்டிருந்தான். கல்யாணத்தில் தாலி கட்டும்போதுகூட அவன் முகம் இவ்வளவு கவலையாக இருந்ததில்லை.

கடைசியில் எழுந்து வந்தான்.

"இந்த வண்டி வேணாம்னு சொல்லிருங்க சார்ட்ட. முங்குன வண்டி. வெள்ளத்துல சீட்டு உசரத்துக்குத் தண்ணி நின்னுருக்கு."

சவரிமுத்துவின் சிரிப்பு கொஞ்சம் இறங்கியது. "என்னங்க, டீ கீ கொட்டியிருப்பாக. லேடி டாக்டர் பிள்ளைக சேட்டைக்காரப் பிள்ளைக."

"அஞ்சு பெல்ட்டுலயும் ஒரே உசரத்துலயாண்ணே டீயக் கொட்டுனாக?"

சவரிமுத்து பெல்ட்டைச் சுருட்டி உள்ளே விட்டார். "நானே மெட்ராஸ் ஏலத்துல எடுத்தது சார். லேடி டாக்டர்னு எங்கிட்டச் சொன்னத ஒங்ககிட்டச் சொன்னேன்" என்றார்.

"இன்னைக்கு ஓடும், நாளைக்கு ஓடும். ஒருநா மழையில நடுரோட்டுல வயரெல்லாம் செத்து நின்னுரும். அக்காவ வச்சுக்கிட்டு சார் எங்க நின்னு தவிப்பாக?" என்று சொல்லிவிட்டு, டீகூடக் குடிக்காமல் சோலைராஜ் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான். முதுகு மண்ணைத் தட்டிவிட யாரும் சொல்லவில்லை.

பிப்ரவரி 3, திங்கள்

யோசித்துப் பார்த்தேன். நான் காரில் வந்து இறங்குவதை அவனால் பொறுக்க முடியாது. அவ்வளவுதான் விஷயம். நல்ல காரை மட்டம் தட்டிவிட்டுப் போயிருக்கிறான்.

தனபாக்கியத்திடம் சொன்னேன். "அப்ப வாங்கிக்கங்க" என்றாள். வாங்கவில்லை. அது என் இஷ்டம்.

பிப்ரவரி 6, வியாழன்

யாழினி போன் செய்தாள். மூன்று வயதுவரை எங்கள் வீட்டில் வளர்ந்தவள். எங்களுக்குப் பிள்ளை இல்லை என்பதற்காக இல்லை, மங்கைக்கு அப்போது உடம்பு சரியில்லை.

"மாமா, கார் கெடச்சுதா?"

"பார்த்துக்கிட்டிருக்கேன். முழங்காலுக்கு."

"எங்கப்பா நெதம் ஒரு கடைக்குப் போறாரு மாமா. தேனியில எல்லாக் கடையிலயும் கார் அடியில படுத்து எந்திரிக்கிறாரு. 'டிக்கில பதினொரு தட்டு சாயாம ஒக்காரணும்'ங்கிறாரு. அம்மாவுக்கு அவரு சட்டையத் தொவச்சே சலிச்சுப்போச்சு."

அவனை யார் பார்க்கச் சொன்னது?

"மாமா, இருக்கீங்களா?"

இருக்கிறேன் என்றேன்.

பிப்ரவரி 10, திங்கள்

இன்று கல்லூரியில் ஓர் அருமையான சம்பவம்.

சற்குணம் என் மேசைக்கே வந்தார். "தெய்வேந்திரன், வத்தலக்குண்டு ரோட்ல ஒரு வெள்ளைக் கார் பார்த்தீங்களாமே? கடைக்காரர் சொன்னார். எங்க வீட்ல ரொம்பப் பிடிச்சுப்போச்சு. எப்படிங்க வண்டி?"

இருபத்தாறு வருடமாக ஒரு மனிதன் காத்திருந்தால் கடவுள் ஒருநாள் கண்திறப்பார். 'வண்டி பிரமாதம்' என்று இரண்டு வார்த்தை சொன்னால் போதும். அடுத்த மழையில் சற்குணம் நாகல்நகர்ப் பாலத்தடியில் நடுத்தெருவில் நிற்பார். நான் குடையோடு அந்தப் பக்கமாக நடந்துபோவேன். முழங்கால் வலியைப் பொருட்படுத்தாமல் போவேன்.

"யோசிச்சு நாளைக்குச் சொல்றேன்" என்றேன்.

வீடு வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தேன். இரவுச் சாப்பாட்டில் அப்பளம் கூடுதலாக ஒன்று.

பிப்ரவரி 11, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

அவர் அறைக்குப் போய், "பின் சீட்டு பெல்ட்டைக் கடைசிவரைக்கும் இழுத்துப் பாருங்க. அஞ்சையும் இழுங்க. முங்கின வண்டி" என்றேன். சற்குணம் எழுந்து நின்றார். "நன்றிங்க" என்றார். அதோடு மேசை இழுப்பறையில் துழாவி ஒரு பேனாவை எடுத்து நீட்டினார். என்னுடையது இல்லை. மலிவான பேனா. இருந்தாலும் வாங்கிக்கொண்டேன்.

ஏன் சொன்னேன் என்று புரியவில்லை. சொல்லாமலிருந்தால் எனக்கு லாபம். சொன்னதில் ஒரு லாபமும் இல்லை. வீட்டுக்கு வந்து தனபாக்கியத்திடம் இதைச் சொன்னேன். அவள் அரிசி களைவதை நிறுத்தினாள்.

"அன்னைக்கு மங்க போன்ல சோலைராஜ் தம்பியை என்ன திட்டுனான்னு தெரியுமா?"

"தெரியாது."

"'நல்லாருக்குன்னு சொல்லித் தொலைங்களேன், கார் இல்லாட்டி எங்கண்ணன் வராது, எம்புள்ள கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போக யாரு இருக்கா'ன்னு அழுதுருக்கா. கல்யாணம் முடியட்டும், அப்பறம் வண்டி எக்கேடும் கெடட்டும்னு சொல்லியிருக்கா. தம்பி கேக்கலையாம். 'கல்யாணத்துக்கு வராட்டிப் போகட்டும், மச்சானும் அக்காவும் ரோட்டுல நிக்கக் கூடாது'ன்னுட்டாராம். மங்க ரெண்டு நாளு அவருக்குச் சோறு வைக்கலையாம்."

குறை தெரிந்தவன் தன் லாபத்துக்கு எதிராக அதைச் சொல்வான் என்று என் பாடத்தில் எங்கும் இல்லை. அதற்கு எடுத்துக்காட்டு கேட்டால் இருபது வருடமாக 'அப்படி நடக்காது' என்றே பதில் சொல்லி வந்திருக்கிறேன்.

சவரிமுத்து வேறு கார் வந்திருப்பதாக போன் செய்தார். இப்போது வேண்டாம் என்றேன்.

பிப்ரவரி 14, வெள்ளி

தட்டுகளைப் புளி போட்டுத் துலக்கினேன். ஒழுங்காகத் துலக்க இந்த வீட்டில் யாருக்கும் தெரியாது.

பிப்ரவரி 15, சனி

காலையில் தனபாக்கியத்திடம், "கிளம்பு" என்றேன்.

"எப்படிங்க? கார்?"

"பஸ்ஸில் போகலாம். சத்தமில்லாமல் பின்வாசல் வழியாகப் போய்ச் சேர்ந்துவிடுவோம். யாருக்கும் போன் செய்யாதே."

அவள் தலையை ஆட்டினாள். வாழைப்பழம் வாங்க நான் கடைக்குப் போய் வருவதற்குள் மங்கையிடம் சொல்லியிருக்கிறாள். எந்த பஸ் என்பதைத்தான் அவளால் சொல்ல முடியவில்லை, எனக்கே தெரியாதே.

பதினொரு தட்டையும் மஞ்சள் துணியில் கட்டி, எங்கள் மடியிலும் பக்கத்து சீட்டுக்காரர்கள் மடியிலுமாகப் பரப்பினோம். பட்டுச்சேலைத் தட்டை வைத்திருந்த அம்மாள் முழு வழியும் அசையாமல் உட்கார்ந்து வந்தார். கண்டக்டர் வந்தார்.

"என்ன சார், இம்புட்டு லக்கேஜு?"

"தாய்மாமன் சீர். டிக்கெட் போட்டுக்கங்க."

"அட போங்க சார். சீருக்கு லக்கேஜ் போட்டேன்னு தெரிஞ்சா எம்பொண்டாட்டி எனக்குச் சோறு போட மாட்டா" என்றவர், டிரைவரைப் பார்த்து, "அண்ணே, பள்ளத்துல பாத்து எறக்குங்க, சீர் வருது!" என்று கத்தினார். அதற்குப் பிறகு அந்த பஸ் தேர் மாதிரி போனது. ஒரு தட்டு சாயவில்லை. காரில் போயிருந்தால்கூட இப்படி வந்திருக்காது என்று தனபாக்கியம் சொன்னாள். நான் தட்டுகளை எண்ணினேன்.

பெரியகுளம் பஸ் ஸ்டாண்டுக்குள் திரும்பும்போதே மேளம் கேட்டது. யார் வீட்டு விசேஷமோ என்று நினைத்தேன். பஸ் நின்றது. மேளமும் நாகஸ்வரமும் நேராகப் படிக்கட்டுக்கே வந்துவிட்டன. முதலில் இறங்கிய ஆசாமியின் கழுத்தில் ஒரு பையன் மாலையைப் போடப் போனான். "இவரில்ல, இவரில்ல!" என்று கத்திக்கொண்டே சோலைராஜ் மாலையைப் பிடுங்கி, ஆட்களை விலக்கி, பஸ்ஸுக்குள்ளே ஏறி வந்தான். மேளக்காரரும் ஏறப் பார்த்தார். கண்டக்டர் தடுத்தார்.

பட்டுவேட்டி. நெற்றியெல்லாம் வேர்வை. இரண்டு கையிலும் மாலையைப் பிடித்துக்கொண்டு என் முன்னால் நின்றான். மாலை ஏற்கெனவே கொஞ்சம் கசங்கியிருந்தது. ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். கூல்டிரிங்ஸ் கடை வாசலில், கழுத்தில் சம்பங்கி மாலையோடு, கையில் பையோடு யாரோ ஒருவர் சோடா குடித்துக்கொண்டிருந்தார்.

"அவர் யாரு?" என்று தனபாக்கியம் கேட்டாள்.

"மாட்டு டாக்டரு அக்கா. முந்துன பஸ்ஸுல வந்தாரு. வேட்டியும் கண்ணாடியும் மச்சான் மாதிரியே இருந்துச்சா, போட்டுட்டானுக. கழட்ட மாட்டேங்கிறாரு. சாப்பாட்டுக்கும் வர்றேன்னுட்டாரு."

பஸ் முழுக்கச் சிரித்தது. பட்டுச்சேலைத் தட்டை வைத்திருந்த அம்மாள் மட்டும் தட்டு அசையுமே என்று அடக்கிக்கொண்டார்.

சோலைராஜ் என் கழுத்தில் மாலையைப் போட்டான். என் துண்டைச் சரிசெய்துவிட்டான். அது சரியாகத்தான் இருந்தது.

ஏதாவது சொல்ல வேண்டியிருந்தது. பத்து வருடத்துக்குப் பிறகு முதல் வார்த்தை. எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நாகஸ்வரம் சுருதி சேரலை மாப்ள" என்றேன்.

"காலையிலேருந்து திண்டுக்கல்லுலேருந்து வந்த பஸ்ஸுக்கெல்லாம் வாசிச்சா எப்படி மச்சான் சேரும்?" என்றான்.

பஸ் ஸ்டாண்டிலிருந்து வீடு வரைக்கும், கடைவீதி வழியாக, மேளத்தோடு நடத்தியே கூட்டிப் போனார்கள். பதினொரு தட்டுக்கும் பதினொரு பெண்கள். வழியில் கடைக்காரர்கள் எழுந்து பார்த்தார்கள். "கார்ல வந்துருந்தா தெருமொனையோட முடிஞ்சுருக்கும் மச்சான். பஸ்ஸுல வந்ததால ஊருக்கே தெரிஞ்சுபோச்சு" என்று அவன் என் காதில் கத்தினான். மேளச் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை என்று சொல்லி இன்னொரு முறை சொல்லச் சொன்னேன்.

முழங்கால் வலி தெரியவில்லை.

பிப்ரவரி 16, ஞாயிறு

கையைப் பிடித்துக் கூட்டிப்போய் மணமேடையில் உட்கார வைத்தேன். யாழினி, "மாமா, கைய விடுங்க, அவரு பிடிக்கணும்" என்றாள். விட்டேன்.

சாம்பாரில் உப்பு கூடுதல். சமையல்காரர் பத்து வருடத்துக்கு முன் வந்த அதே ஆள். இந்த முறை அவரும் பஸ்ஸில் வந்திருக்கிறார், அவருக்கும் மேளம் கொட்டியிருக்கிறார்கள்.

பிப்ரவரி 20, வியாழன்

அழுத்தம் இறங்கியிருக்கிறது என்றார் டாக்டர். புது மாத்திரை நன்றாக வேலை செய்கிறது.

பேப்பர்காரர் இன்று வாசலில் வைத்தார். நேற்றைய பேப்பரை.

சவரிமுத்து போன் செய்தார். சிவப்புக் கார் ஒன்று வந்திருக்கிறதாம். ஒரே ஓனராம். இந்த முறை லேடி வக்கீல். ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை சோலைராஜைக் கூட்டி வருகிறேன் என்றேன். மாப்பிள்ளையிடமும் சொல்லிவிட்டேன். முதல் நாள் சாயங்காலமே வந்து தங்கிவிடச் சொல்லியிருக்கிறேன். தனபாக்கியம் கறி எடுக்கச் சொல்கிறாள்.

கார் வாங்கும் எண்ணம் இப்போதைக்கு இல்லை. ஆனால் ஒரு காரை ஒரே நாளில் பார்த்து முடித்துவிட முடியாது. மாவட்டத்தில் கடைகளும் நிறைய இருக்கின்றன.